இரண்டு பேர் பிடித்து நின்ற கதவு

"கதவு எங்க?" என்றுதான் விக்கா முதலில் கேட்டாள்.

டிசம்பர் இருபத்து மூன்று, மத்தியானம். காலணியைக்கூடக் கழற்றாமல், முதுகுப் பையோடு வாசலில் நின்று, அந்த எட்டு வயதுப் பெண் என் புது வீட்டை ஒரு சுற்றுப் பார்த்தாள். அவள் குழந்தையாய் இருந்த பழைய வீட்டைத்தான் மூன்று மாதம் நாயாய் அலைந்து நான் புதுசாக்கியிருந்தேன். சமையலறை, சாப்பாட்டு அறை, கூடம் என்று கிடந்த மூன்று இருட்டுப் பெட்டிகளின் சுவர்களை இடித்து ஒரே வெளியாக்கியிருந்தேன். மீதிச் சுவர்களுக்கு ஓட்ஸ் கஞ்சி நிறத்தில் களிமண் பூச்சு. சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து வெளுத்த ஓக் தரை. ஒரு சாம்பல் சோபா, ஒரு கம்பளிப் போர்வை, ஒரு ஜாடி, ஜாடியில் ஒரே ஒரு கிளை. குறைவாக இருக்க வேண்டும், ஆனால் குளிரக் கூடாது. அதுதான் என் கொள்கை. பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க அடைசலான வாய்களைப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு வீட்டிலாவது கண் காலியாக இருக்க வேண்டாமா?

"எந்தக் கதவுடா கண்ணு?" என்றான் என் கணவன் ட்ரோல்ஸ், அவள் அப்பா.

"கூடத்துக் கதவு. நாளைக்கு நான் எதுக்குப் பின்னாடி நிக்கறது?"

நானும் ட்ரோல்ஸும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் ஊர் வழக்கப்படி இருபத்து நாலாம் தேதி இரவு கிறிஸ்துமஸ் மரத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றி முடிக்கும்வரை அது பிள்ளைகள் கண்ணில் படக் கூடாது. அவர்கள் மூடிய கதவுக்கு வெளியே நிற்க வேண்டும், சாவித் துவாரத்தில் கண்ணை வைத்துத் திருட்டுத்தனமாய்ப் பார்க்க முயல வேண்டும், அப்பாக்காரர் அதில் முன்னாடியே காகிதத்தைத் திணித்து வைத்திருக்க வேண்டும். நானும் அப்படி நின்று வளர்ந்தவள்தான். சுவரை இடிக்கச் சொன்ன அன்று அது ஏன் என் புத்திக்கு எட்டவில்லை என்று கேட்டால், செப்டம்பரில் யாருக்குக் கிறிஸ்துமஸ் ஞாபகம் வரும்?

"பழசையெல்லாம் எடுத்தாச்சும்மா" என்றேன்.

அது முழுப் பொய் இல்லை. அந்தக் கதவு எங்கள் மூவருக்கும் நடுவில்தான் படுத்துக் கிடந்தது. தச்சர் அதன் மேல்பக்கப் பள்ளங்களை நிரப்பி, சாவித் துவாரத்தை ஒரு வட்ட மரமுளையால் அடைத்து, இழைத்து, இரண்டு மரத் தாங்கிகள் மேல் ஏற்றி எனக்குச் சாப்பாட்டு மேசையாக்கிக் கொடுத்திருந்தார். வருகிறவர்களிடம் எல்லாம் அந்தக் கதையைப் பீற்றிக்கொண்டவள் நான். விக்காவிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை. ட்ரோல்ஸ் வாயைத் திறந்தான். கண்ணாலேயே அடக்கினேன்.

விக்கா பையை இறக்கினாள். "அம்மா சொன்னாங்க, பிடிக்கலேன்னா போன் பண்ணு, ஒரு மணி நேரத்துல வந்து கூட்டிட்டுப் போயிடறேன்னு." மிரட்டலாகச் சொல்லவில்லை. நாளைக்கு மழை வரும் என்பது போலச் சொன்னாள்.

கிறிஸ்துமஸ் ஒரு வருஷம் அம்மாவோடு, ஒரு வருஷம் அப்பாவோடு என்பது ஏற்பாடு. எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் எங்களோடு இருக்கப்போகும் முதல் கிறிஸ்துமஸ் இது. போன கிறிஸ்துமஸ் முடிந்த மறுநாளிலிருந்தே ட்ரோல்ஸ் இதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தான். அவள் பாதியில் கிளம்பிப் போனால் அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லமாட்டான். சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொள்வான். அதை நினைத்துத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் காலையிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி வீட்டுக்குள்ளேயே சுற்றினேன். ஜாடியை இடது பக்கம் நகர்த்தினேன், வலது பக்கம் நகர்த்தினேன். மரம் பின்பக்கத் தோட்டத்தில் வாளித் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தது. அதை உள்ளே எங்கே வைத்தாலும் வாசலில் நின்றால் தெரிந்தது, அடுப்படியில் நின்றால் தெரிந்தது, மாடிப்படியில் நின்றால் நுனி முதல் அடிவரை தெரிந்தது. மாடிப்படிக்கும் நான் தடுப்பு வைக்கவில்லை.

மத்தியானம் ட்ரோல்ஸின் தம்பி யெப்பே இரண்டு பாட்டில்களோடு வந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான்.

"சுவத்த வெச்சுத்தான் சித்திரம்பாங்க அண்ணி. நீங்க சித்திரத்த மட்டும் வெச்சுக்கிட்டு சுவத்த வித்துட்டீங்களே."

"வாய மூடிட்டு ஒரு வழி சொல்லு."

"வாய மூடிட்டு எப்படிச் சொல்றது? சரி, கண்ணக் கட்டிடலாம்."

"மாட்டேன்" என்றாள் விக்கா. "கதவுக்குப் பின்னாடி நின்னா நானாத்தான் பாக்காம இருக்கேன். கண்ணக் கட்டினா நீங்க பாக்க விடல. ரெண்டும் ஒண்ணா?"

"குளியலறைக்கு மட்டும் கதவ விட்டு வெச்சிருக்காங்க. அங்க நில்லேன்."

"கிறிஸ்துமஸுக்கு யாராவது கக்கூஸ்ல நிப்பாங்களா சித்தப்பா?"

நான் ஜன்னலிலிருந்து லினன் திரையைக் கழற்றி வந்தேன். அதைத் தொங்கவிட இரண்டு பக்கச் சுவரிலும் ஆணி அடிக்க வேண்டும். ட்ரோல்ஸ் சுத்தியலோடு என் முகத்தைப் பார்த்தான். "களிமண் பூச்சுல ஆணியா?" என்று என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டான். பிறகு இரண்டு நாற்காலிமேல் துடைப்பக் கட்டையைக் கட்டித் திரையை அதில் போட்டோம். விக்கா பின்னால் போய் நின்றாள்.

"எல்லாம் தெரியுது" என்றாள் சலிப்போடு. "சித்தப்பா மூக்கச் சொறியறது உட்பட."

அதற்குள் துடைப்பம் சரிந்து விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. விக்கா போனைக் கையில் எடுத்து, பூட்டைத் திறந்து, மறுபடி பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு நான் அவள் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு மணிக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். வாத்து, சர்க்கரைப் பாகில் புரட்டிய உருளைக்கிழங்கு, சிவப்பு முட்டைக்கோஸ். மூன்று தடவை எழுந்து விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தேன். "உக்காரு மெரெட்டே, கூரை எங்கயும் ஓடிடாது" என்றான் ட்ரோல்ஸ். அவன் குரலில் அன்பு இருந்தது, களைப்பும் இருந்தது.

அரிசிப் பாயசம் வந்தபோது விக்காவின் இடது கை மேசைக்கு அடியில் போயிருந்தது. விளிம்பில் எதையோ தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. மறுபடி தடவினாள். கரண்டியை வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள்.

"இது என் சைக்கிள் இடிச்ச பள்ளம்."

ட்ரோல்ஸ் கரண்டியைக் கீழே வைத்தான்.

"அப்பா, மூணு வயசுல நான் மூணு சக்கர சைக்கிளால இடிச்சேனே. இது கதவு." அவள் என்னைப் பார்த்தாள். "எடுத்தாச்சுன்னு சொன்னியே."

"விக்கா..." என்று ஆரம்பித்தேன்.

"கதவுமேல வாத்து வெச்சு சாப்பிடறோம்" என்றாள். குரல் உடைந்தது. "நான் அம்மாவுக்குப் போன் பண்ணணும்."

வெட்கமாக இருந்தது எனக்கு. கோபமும் வந்தது. யார்மேல் என்று கேட்டால் அந்தக் கிளைமேல், ஜாடிமேல், என்மேல். ட்ரோல்ஸ் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினான். அவன் எழுந்து அவளிடம் போனால் சமாதானம் சொல்வான், அவள் கேட்டுக்கொண்டே போனை எடுப்பாள். எனக்கு அது தெரியும்.

"போன் அப்புறம் பண்ணு" என்றேன். "எல்லாரும் தட்ட எடுங்க. பாயசத்த அடுப்படில போய் நின்னுக்கிட்டு முடிங்க. யெப்பே, நீ அந்தப் பக்கம் பிடி."

"எத?"

"கதவத்தான்."

மேசை விரிப்பைச் சுருட்டி எறிந்தேன். பழக் கத்தியை எடுத்து அந்த வட்ட மரமுளையின் ஓரத்தில் குத்தி நெம்பினேன். தச்சர் அழகாக இழைத்திருந்த இடம், சிம்பு சிம்பாய்ப் பெயர்ந்தது. "ஆப்பசைச்ச குரங்கு கதையா ஆயிடப்போகுது அண்ணி" என்றான் யெப்பே. மூன்றாவது குத்தில் முளை உள்ளே விழுந்து, அடிப்பக்கமாய்த் தரையில் உருண்டோடியது. மேசையின் நடுவோரம் பழைய சாவித் துவாரம் கண்ணைத் திறந்தது.

இருவரும் தூக்கி நிமிர்த்தினோம். கனம் உயிரை வாங்கியது. சுவர் இருந்த அதே கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். ட்ரோல்ஸ் தோட்டத்துக்குப் போய் மரத்தை உள்ளே இழுத்து வந்தான்.

இந்தப் பெரிய வெளியின் நடுவில் ஒற்றைக் கதவு. இடது பக்கம் ஓரடி தள்ளி நின்றால் எல்லாம் தெரியும், வலது பக்கமும் அப்படியே. விக்கா சற்று நேரம் அடுப்படியில் நின்றாள். பிறகு மெதுவாக வந்து, கதவுக்கு நேர் எதிரே, கொஞ்சமும் இடம் வலம் சாயாமல் நின்றாள். மண்டியிட்டுத் துவாரத்தில் கண்ணை வைத்தாள். உடனே எடுத்தாள்.

"தெரியுது" என்றாள் பதறிப்போய். "மெரெட்டே, சீக்கிரம் அடை. பாத்துடுவேன்ல."

ஒரு கை கதவில் மாட்டிக்கொண்டிருந்தது. மற்ற கையின் விரலைத் துவாரத்தில் விட்டு அடைத்தேன். அவள் அந்தப் பக்கமிருந்து ஒரு விரலால் என் விரலைத் தள்ளிப் பார்த்தாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை. மறுபடி தள்ளினாள். சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. நல்லவேளை, யெப்பே வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வரலாம்" என்றான் ட்ரோல்ஸ்.

விக்கா கதவைத் தட்டினாள். கீல் இல்லாத கதவை எப்படித் திறப்பது? யெப்பே தன் பக்கத்தை ஊன்றிக்கொள்ள, நான் என் பக்கத்தை அணைத்தபடி அரை வட்டம் நடந்தேன். கதவு திறந்தது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், மரத்தைப் பார்க்கவில்லை.

கைகோத்து மரத்தைச் சுற்ற வேண்டும். யெப்பே கதவை என்னிடம் விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துகொண்டும் மூன்று பேர் கை எட்டவில்லை. விக்கா திரும்பி வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"கதவு விழுந்துடும்மா" என்றேன்.

"சுவத்துல சாய்."

சாய்த்தேன். களிமண் பூச்சில் சரக்கென்று ஒரு கோடு இழுத்துக்கொண்டு கதவு இறங்கியது. திரும்பிப் பார்க்கப்போனேன், அவள் விடவில்லை. மரத்தை நான்கு முறை சுற்றினோம். பிறகு வழக்கப்படி வீட்டின் எல்லா அறைகளுக்குள்ளும் சங்கிலியாய் ஓட வேண்டும். அறை ஏது? சாய்ந்திருந்த கதவுக்கும் சுவருக்கும் இடையில் முதுகை வளைத்துக்கொண்டு ஒவ்வொருவராய் நுழைந்து ஓடினோம். யெப்பே மட்டும் தொப்பையோடு மாட்டிக்கொண்டான்.

அவள் அம்மா எட்டு மணிக்கு அவளாகவே போனில் கூப்பிட்டாள். விக்கா சோபாவில் சாய்ந்து, பாதாம் மாவில் செய்த பன்றி மிட்டாயின் காதைக் கடித்தபடி, "இல்லம்மா, இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். ட்ரோல்ஸ் அடுப்படிப் பக்கம் திரும்பி, துடைத்து வைத்த தட்டுகளையே மறுபடி துடைத்தான்.

படுக்கப் போகும்போது அவள் கதவிடம் போய்த் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தாள்.

"அடுத்த வருஷம் நான் அம்மா வீட்ல. அதுக்கடுத்த வருஷம் இங்க. அதுவரைக்கும் மறுபடி மேசையாக்கிக்கோ, பரவால்ல. இத மட்டும் அடைச்சிடாத."

அடைக்கவில்லை. இப்போதும் காலையில் ரொட்டித் துகள் அந்த ஓட்டை வழியாகத்தான் என் வெள்ளைத் தரையில் கொட்டுகிறது. தினமும் கூட்டுகிறேன்.