ஏரோப்பிளேனுக்கு ஆமணக்கெண்ணெய்

1920ஆம் ஆண்டு. பதுளைக் குதிரைப் பந்தயத் திடலில் ஏரோப்பிளேன் பறந்து காட்ட இன்னும் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. அன்று காலையில் பொன்னையா வேர்க்க விறுவிறுக்க ஜௌபரின் எண்ணெய்க் கடைக்கு ஓடிவந்தான். தேயிலைத் தொழிற்சாலையில் மிசின் பார்க்கிறவன் அவன். வெள்ளைக்கார விமானிக்கு ஒத்தாசையாகத் தோட்டத்துத் துரை அவனை அனுப்பியிருந்தார். ஜௌபர் சரக்கெடுக்க மொனராகலைக்குப் போயிருந்ததால், கடையில் அவர் மனைவி ஜெனீராதான் இருந்தாள்.

“அக்கா, கொழும்புலருந்து வந்த எண்ணெ டின்னு வழியிலயே ஒழுகிப்போச்சுங்க. ஆமணக்கெண்ணெ வேணும். பத்தாட்டி பேக்டரி மிசின் எண்ணெயக் கலந்து ஓட்டிரலாம்னு பிளேன் ஓட்டுற தொர சொல்றாரு.”

“அந்த எஞ்சினுக்கு ஏன் ஆமணக்கெண்ணெதான் வேணுமாம்?”

“அது நம்ம எஞ்சின் மாதிரி இல்லீங்க. எஞ்சினே காத்தாடியோட சேந்து சுத்துது. பெட்ரோலும் எண்ணெயும் ஒரே வழியாத்தான் உள்ள போவுது.”

ஜெனீராவுக்குச் சட்டென்று பிடிபட்டது. கணவர் இடுப்பில் உடுத்தும் சாரத்தில் படும் மோட்டார் எண்ணெய்க் கறையை அவள் பெட்ரோல் தொட்டுத்தான் எடுப்பாள். ஆமணக்கெண்ணெய்க் கறை மட்டும் அதற்கு மசிந்ததே இல்லை. பெட்ரோலில் கரைகிற எண்ணெய் அந்த எஞ்சினுக்குள் எப்படித் தங்கும்?

“ஒரு போத்தல் பெட்ரோல் கொண்டுவாங்க” என்றாள்.

கடையில் இரண்டு டின் ஆமணக்கெண்ணெய் இருந்தது. இரண்டிலும் கொஞ்சம் எடுத்துப் பெட்ரோலோடு தனித்தனிப் போத்தலில் குலுக்கி வைத்தாள். கொழும்பு வியாபாரி ஒருவர் அசல் என்று சத்தியம் பண்ணி அனுப்பியது பெட்ரோலோடு ஒன்றாகக் கலந்துவிட்டது. சொந்தக் கடைச் சரக்கே கலப்படம் என்று தெரிந்ததில் அவளுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் அந்த டின்னைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டாள்.

கொஸ்லந்தத் தோட்டத்து இராக்கம்மா காய்ச்சிக் கொடுத்த எண்ணெய் அடியில் தனியாகப் படிந்து நின்றது. அதில் ஒரு சொட்டைச் சூடான கரண்டியில் விட்டுப் பார்த்தாள். படபடவென்று வெடித்தது.

“தண்ணி இருக்கு. காய்ச்சி எடுத்தாச் சரிவரும்.”

வெடிப்பு அடங்கும்வரை இளஞ்சூட்டில் காய்ச்சி, நாலு மடிப்புத் துணியில் வடித்துக்கொண்டிருக்கும்போது விமானியே கடை வாசலுக்கு வந்துவிட்டார். இருப்பது போதாது, பாதிக்குப் பாதி மோட்டார் எண்ணெய் சேர்க்கலாமே என்று அவர் இங்கிலீஷில் கேட்டதைப் பொன்னையா தமிழில் சொன்னான்.

“கலப்படம் வேணுமெண்டா வேற கடைக்குப் போகச் சொல்லுங்க. என்ட கையால ஒரு சொட்டும் கலக்க மாட்டன். இதுல எவ்வளவு நேரம் பறக்கலாமோ அவ்வளவு நேரம் பறக்கட்டும்.”

பொன்னையா அதை அப்படியே சொல்லிவிட்டான். விமானி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெட்ரோல் போத்தல்கள் இரண்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எண்ணெயை வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் திடலில் பெண்கள் கூட்டத்தோடு ஜெனீராவும் நின்றாள். எஞ்சின் நீலப்புகை கக்கிக்கொண்டு சுழன்றது. ஏரோப்பிளேன் மேலே எழும்பி, ஊரை மூன்று முறை சுற்றியது. ஒரு தடவைகூட எஞ்சின் சத்தம் தடுமாறவில்லை. இறங்கி வந்த விமானியின் முகமெல்லாம் எண்ணெய் மினுமினுத்தது. அவர் ஏதோ சொல்ல, பொன்னையா பெண்கள் பக்கம் ஓடிவந்தான்.

“அக்கா, அடுத்தாப்ல நுவரெலியாவுல பறக்கப் போறாராம். உங்க எண்ணெதான் வேணுமாம்.”

ஜெனீரா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

“இராக்கம்மாவுக்கு இன்டைக்கே ஆள் அனுப்புறன். எத்தினை போத்தல் வேணுமெண்டு கேட்டு வாங்க” என்றாள்.