பிளாஸ்டிக் உறைக்குள்

பிறந்து இரண்டு மணி நேரம். எடை தொள்ளாயிரம் கிராம். ஏழாம் மாதத்திலேயே வந்துவிட்டவளை, உடம்புச் சூடு இறங்காதிருக்கக் கழுத்துவரை பிளாஸ்டிக் உறையில் வைத்து, சூடேற்றும் மேடையில் கிடத்தியிருந்தோம். நர்ஸ் அவளைச் சுண்டெலி என்றுதான் கூப்பிட்டாள்.

இதயத் துடிப்பு இருநூறைத் தொட்டது. நெற்றியில் விரலை அழுத்தி எடுத்தேன். வெளுத்த இடத்தில் நிறம் திரும்ப ஐந்து நொடி ஆனது. மூன்று நொடிக்குள் திரும்பியிருக்க வேண்டும்.

“கிருமித் தொற்றா இருக்குமோ?”

“ரத்தமே இல்லாத மாதிரி வெளுத்திருக்கா டாக்டர். உறையைத் திறந்து பார்த்துடலாமா?”

“வேண்டாம். சூடு போயிடும்.”

குறைமாதக் குழந்தையைக் குளிர விடக்கூடாது என்பதுதான் எங்களுக்கு முதல் பாடம். அதைத் தாண்டி என் புத்தி போகவில்லை.

ரத்த அழுத்தமும் இறங்கியது. நர்ஸ் இம்முறை என்னைக் கேட்கவில்லை. உறையைக் கீழிருந்து பிரித்தாள். முதுகுக்கு அடியில் துணி கருஞ்சிவப்பாக ஊறிக் கிடந்தது. தொப்புள்கொடி சுருங்கியதில் கட்டு தளர்ந்திருந்தது. அவள் உடம்பில் மொத்த ரத்தமே அரை டம்ளர் தேறாது.

மறுபடி இறுக்கிக் கட்டினேன். அவசரத்துக்கு வைத்திருக்கும், எல்லோருக்கும் சேரும் ரத்தம் வந்தது. ஒன்பது மில்லி. அரை மணி நேரம். வேகமாக ஏற்றினால் மூளையின் மெல்லிய குழாய்கள் உடையலாம். மெதுவாக ஏற்றினால் அதுவரை இதயம் தாங்க வேண்டும்.

ரத்தம் ஏற்றும் பம்பின் வேகத்தைக் கூட்ட என் கை தானாகவே போனது.

“கையை எடுங்க டாக்டர். நீங்க அவசரப்படறதைப் பார்த்தா சுண்டெலி பயந்துடப் போறா.”

பத்து நிமிடம். துடிப்பு நூற்றெண்பத்தைந்துக்கு இறங்கியது.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே குழந்தையின் அப்பா நின்றிருந்தார். போனேன்.

“ஒண்ணும் பயமில்லையே மேடம்?”

குறைமாதம் என்றால் இப்படித்தான் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்.

“தொப்புள் கட்டு தளர்ந்து ரத்தம் போயிருக்கு. முன்னாடியே திறந்து பார்த்திருக்கணும். நான் பார்க்கல.”

அவர் கண்ணாடி வழியே மேடையைப் பார்த்தார்.

“பொழைச்சுடுவாளா?”

“தெரியல. இன்னும் இருபது நிமிஷம் ரத்தம் ஏறணும்.”

“அப்போ இங்க எதுக்கு நிக்கறீங்க?” குரல் உடைந்தது. “போங்க. போய் அவ பக்கத்துல நில்லுங்க.”