ஒன்பதாவது கிரீனுக்கு வெயில்

மலேசியாவின் ஜொகூரில் வசந்தகாலம் என்று ஒன்று எப்போது வந்தது? மழைக்காலம் உண்டு, மழை விட்ட காலம் உண்டு, இரண்டுக்கும் நடுவே மனிதனை அவித்தெடுக்கும் புழுக்கம் உண்டு. ஆனாலும் குளுவாங் ஊரைத் தாண்டி, பழைய ரப்பர்த் தோட்டத்தை அழித்துப் போட்ட அந்த கோல்ஃப் கிளப்பின் வாசலில், ‘வசந்தகாலப் பராமரிப்பும் மேம்பாடும்’ என்று ஆங்கிலத்தில் ஆளுயரத்துக்கு அறிவிப்பு மாட்டியிருந்தார்கள். கிளப் கேப்டன் கனகசுந்தரம் போன வருடம் ஸ்காட்லாந்து போய்வந்ததன் பலன் அது. திடலைப் பராமரிக்கும் அதிகாரியான வாசுகி, ஒவ்வொரு காலையும் அதைப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டே உள்ளே போவாள்.

அறிவிப்பு கிடக்கட்டும். அவள் பிராணனை வாங்கியது ஒன்பதாவது கிரீன். கிரீன் என்றால் குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான குட்டைப் புல்தரை, பந்து கடைசியாக உருண்டு போக வேண்டிய இடம். மற்ற கிரீன்கள் எல்லாம் பாய் விரித்தது போலக் கிடக்க, இது மட்டும் சொறி பிடித்த நாயின் முதுகாக இருந்தது. காரணம் கண் தெரியாதவனுக்கும் தெரியும். கிழக்கே ஒரு தூங்குமூஞ்சி மரம் குடை விரித்து நின்றது. காலை வெயிலை ஒரு பொட்டுகூடக் கீழே விடாது. வேரோ, கிரீனுக்கு அடியிலேயே புகுந்து, ஊற்றுகிற தண்ணீரையெல்லாம் குடித்துவிடும்.

மரத்தை வெட்டினால் தீர்ந்தது. ஆனால் அதன் அடியில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. கிளப்பின் புரவலர், சுல்தானிடம் பட்டம் பெற்ற டத்தோ ரம்லி பல வருடங்களுக்கு முன் தம் கையால் நட்ட மரம் என்று அது சொன்னது. நம் நாட்டில் பெரிய மனிதர் எங்கே போனாலும் ரிப்பன் வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் மரம் நட வேண்டும். நட்டவர் கைகழுவிக் காரில் ஏறிப் போய்விடுவார். அப்புறம் மாரடிப்பது வாசுகியைப் போன்றவர்கள்தான்.

“மரத்த மட்டும் தொடாதீங்க பிள்ளை. மத்தது எது வேணும்னாலும் செய்யலாம்” என்றார் கனகசுந்தரம். அரசாங்கத்தில் பெரிய இஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். சிலோனிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்த தாத்தா காலம் முதலே, மேலே இருப்பவருக்குச் சங்கடம் தரக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் வேதம்.

அந்த ‘மத்தது’ எல்லாம் செய்தாயிற்று. காற்றோட்டத்துக்கென்று பெரிய விசிறி வைத்தார்கள். சத்தத்தில் பந்து தட்ட முடியவில்லை என்று உறுப்பினர்கள் கத்தியதும் கழற்றினார்கள். நிழல் தாங்கும் புல்லை நட்டார்கள். புல் வளர்ந்தது, ஆனால் பந்து உருளவில்லை. கமிட்டியில் ஒருவர் பூசாரியை அழைத்துப் பூஜை போடலாம் என்றார். “சாமிக்கும் மரத்த வெட்டத்தான் சொல்லத் தோணும் சார்” என்று வாசுகி சொன்னது யாருக்கும் பிடிக்கவில்லை.

மார்ச் மாதம் கேப்டன் அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

“ஏப்ரல் கடைசியில மாநிலப் போட்டி. அதுக்குள்ள ஒன்பதாவது கிரீன் சரியாகலன்னா, பராமரிப்ப வெளி காண்ட்ராக்ட்டுக்குக் குடுத்துடலாம்னு கமிட்டி நினைக்குது.”

“அப்ப எங்க ஆளுங்க?”

“காண்ட்ராக்ட்காரன் தன் ஆளுங்களக் கொண்டு வருவான் பிள்ளை.”

ஆட்கள் என்றால் காளிதாஸும் அவன் கூட்டமும். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, தோட்டம் போனதும் அதே மண்ணில் புல் வெட்ட வந்தவர்கள். ஒரு மரத்தின் மானத்துக்காக அத்தனை குடும்பமும் தெருவுக்கு வர வேண்டுமா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை டத்தோ விளையாட வந்தபோது, வாசுகி கேப்டன் கண்ணில் படாமல், திடலில் ஓட்டும் பக்கி வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ஒன்பதாவது கிரீனுக்கே போய் நின்றாள். வணக்கம் சொல்லி, மலாயில் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

டத்தோ குனிந்து தகட்டைப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

“நானா நட்டேன்? அலமாக்! எந்த மடையன் இங்க மரம் வச்சான்னு வர்றப்ப எல்லாம் திட்டிக்கிட்டு இருக்கேனே! வெட்டுங்க லா, நாளைக்கே வெட்டுங்க!”

இத்தனை வருடத்தில் ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை. டத்தோ என்ன நினைப்பாரோ என்று இவர்களாகவே நினைத்து, இவர்களாகவே பயந்து, ஒரு கிரீனையே சாகடித்திருக்கிறார்கள். வாசுகிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. செய்தி கேட்டுக் கேப்டனுக்கு மகிழ்ச்சிதான். ஆனால், “டத்தோ நட்ட மரத்த அப்பிடியே வெட்டிப் போட்டா மரியாதையா இருக்குமா? முறையா ஒரு நிகழ்ச்சி வைப்போம். முதல் வெட்டு டத்தோ கையால” என்றார்.

“சார், புல் வேர் பிடிக்க நாள் வேணும்.”

“நாள் கேட்டிருக்கேன் பிள்ளை. அவங்க ஆபீஸ்ல சொல்லணும்.”

டத்தோவுக்கு ஏப்ரலில்தான் நாள் கிடைக்கும் என்று பதில் வந்தது. அதுவரை காத்திருந்தால் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான். எப்படியும் வெயில் வரப்போகிறது என்ற தைரியத்தில் வாசுகி வேலையைத் தொடங்கினாள். வேர்களை அறுத்தார்கள், மண்ணில் துளை போட்டு மணல் நிரப்பினார்கள். அவள் நாற்றங்காலில் குழந்தையைப் போல வளர்த்த புல் முழுவதையும் பாளம் பாளமாகப் பெயர்த்து வந்து, முழங்கால் போட்டுப் பதித்தார்கள். இனி கைவசம் ஒரு சாண் புல் இல்லை.

நிகழ்ச்சிக்கு முதல் நாள் சனிக்கிழமை. தங்கை மகள் கல்யாணத்துக்குச் சேலை எடுக்கத் தங்காக் ஊருக்குப் போயிருந்தாள் வாசுகி. ஞாயிறு காலை திரும்பியதும் நேராக ஒன்பதாவது கிரீனுக்குப் போனாள்.

வெள்ளைக் கூடாரம் ஒன்று கம்பீரமாக நின்றது, ஒன்பதாவது கிரீனின் மேலேயே. நாலு மூலையிலும் இரும்பு முளைகள். நடுவே சிவப்புக் கம்பளம். அதன்மேல் பெரிய மனிதர்களுக்கான சோபாக்கள்.

காளிதாஸ் ஓடி வந்தான். கண் சிவந்திருந்தது. “நேத்து ராத்திரி போட்டானுங்கக்கா. காலையில வந்துதான் பாத்தேன். கூடாரம் போட்ட கெமா காரன கேட்டா, கேப்டன்தான் இடம் காட்டினாருங்கிறான். உங்களுக்கு எத்தன தடவ போன் போட்டேன்!”

கனகசுந்தரம் பாத்திக் சட்டையில் பூரிப்போடு வந்தார். “எப்பிடி பிள்ளை? இந்தப் பக்கத்திலேயே சமதளமா, சுத்தமா இருந்த இடம் இதுதான்!”

வாசுகி பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் டத்தோவின் கார் வந்துவிட்டது. கொம்பாங் மேளம் அடித்தார்கள். டத்தோ கம்பளத்தில் கால் வைத்தார். சளக்கென்று ஒரு சத்தம். அடுத்த அடிக்கும் அதே சத்தம். ஒரு முளை அடியிலிருந்த தண்ணீர்க் குழாயைத் துளைத்திருந்தது. காலையில் பம்பு ஓடியதிலிருந்து கம்பளத்துக்குக் கீழே தண்ணீர் ஊறி, புதுப் புல் சோபாக் கால்களோடு சேற்றில் நழுவிக்கொண்டிருந்தது.

“யாருய்யா குழாயப் பாக்கிறது?” என்று கமிட்டிக்காரர் ஒருவர் கத்தினார். எல்லார் கண்ணும் காளிதாஸ் மேல் திரும்பியது.

அந்தப் பார்வைதான் வாசுகியின் வாயைத் திறந்தது. விறுவிறுவென்று போய், அறிவிப்பாளர் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். பேசுவாள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அவள் அதைக் கேப்டனிடம் நீட்டினாள்.

“கூடாரத்துக்கு யாரு இடம் காட்டினதுன்னு சொல்லுங்க சார். இங்க, இப்ப, எல்லார் முன்னாடியும். நாளைக்குக் கமிட்டியில இவன் தலையில கட்டுவீங்க. என்னால இதுக்கு மேல முடியாது சார். சத்தியமா முடியாது.”

கனகசுந்தரம் கம்பளத்தைப் பார்த்தார். காளிதாஸின் மணல் அப்பிய முழங்கால்களைப் பார்த்தார். டத்தோ காத்திருந்தார். எந்த மேடையிலும் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் பேசுகிற மனிதர், மைக்கை வாங்கி ஐந்தே வாக்கியத்தில் பேசி முடித்தார்.

“இடம் காட்டினது நான். மரத்த இத்தன வருஷம் வெட்ட விடாததும் நான்தான். போட்டியில ஒன்பதாவது குழிக்குத் தற்காலிக கிரீன் போட்டுக்குவோம். இவங்க ஆளுங்க எங்கயும் போக மாட்டாங்க. காண்ட்ராக்ட் பேச்ச கமிட்டியில இனி யாரும் எடுக்கக் கூடாது.” பிறகு அதையே மலாயில் டத்தோவுக்கும் சொன்னார். மலாயில் சொல்லும்போதுதான் அவர் முகம் கறுத்தது.

டத்தோ நனைந்த சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். “சரி, ரம்பத்தைக் கொண்டாங்க” என்றார்.

கூடாரத்தைப் பிரித்தார்கள். மரம் கிளை கிளையாக இறங்கியது. உச்சிக் கொம்பு சாய்ந்ததும், அந்தத் தரைமேல் வெயில் பளீரென்று விழுந்தது. சேறும், கிழிந்த புல்லும், முளை பிடுங்கிய ஓட்டைகளுமாகக் கிடந்தது ஒன்பதாவது கிரீன். வாசுகியும் காளிதாஸும் மண்டியிட்டு, உயிர் இருக்கிற பாளங்களை ஒவ்வொன்றாகத் தேடி அழுத்திப் பதித்தார்கள்.

கனகசுந்தரம் பின்னால் வந்து நின்றார்.

“இது திரும்ப வருமா, பிள்ளை?”

வாசுகி நிமிர்ந்து பார்க்கவில்லை.

“வரும் சார். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெயில் மறைக்குது.”