தட்டம்மை இருபத்தாறு நாள் நின்ற வாசல்

புனித காசிமிர் பள்ளியின் வாசலில் தட்டம்மை இருபத்தாறு நாள் நின்றது. 2019 மார்ச் நாலாம் தேதி, திங்கட்கிழமை, காசிமிரின் திருநாளன்று, காலை எட்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மலைச்சரிவு வழியாக இறங்கி வந்து, இரும்புக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டது. பள்ளி வேன் அளவுக்கு நீளம், ஆளைப் போல ஒன்றரை மடங்கு உயரம், பீட்ரூட் வெந்த தண்ணீரை ஆவியாக்கிவிட்டது போன்ற நிறம். ஈரத்துணி மேல் இஸ்திரிப்பெட்டியை வைத்தால் கிளம்பும் வாசனை அதற்கு இருந்தது. எங்கள் ஊரான கார்பின் ரிட்ஜின் போலீஸ் அதிகாரி அதைச் சுற்றி நாலு ஆரஞ்சுக் கூம்புகளை வைத்துவிட்டுப் போனார். சாயங்காலம் வந்து பார்த்தால் அது கூம்புகளுக்கு இரண்டடி தள்ளி நின்றது. அவர் கூம்புகளை எடுத்துக்கொண்டு போனார். தபால்காரர் வழக்கம்போல அதற்குள் புகுந்து மறுபக்கம் வந்தார். மூக்குக்கண்ணாடி மட்டும் ஆவி படிந்து மங்கியது.

பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் ஊரில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் பேர். சுரங்கங்கள் மூடி நாற்பது வருடமாகிறது, பள்ளி மூடவில்லை. மத நம்பிக்கையைக் காரணம் காட்டி ஒரு கடிதம் கொடுத்தால் தடுப்பூசியிலிருந்து விலக்கு உண்டு என்பது மாநிலச் சட்டம். எங்கள் மறைமாவட்டத்துப் பள்ளிகளில் அந்தக் கடிதம் செல்லாது என்பது ஆயரின் விதி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் பல வருடம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன, ஏனென்றால் கடிதம் கொடுக்க யாரும் வரவில்லை. அதற்கு முந்தைய செப்டம்பரில் பதினோரு குடும்பங்கள் ஒரே நாளில் வந்தன. முதல் கையெழுத்து வெர்னாவுடையது. தலைமையாசிரியை லியோனா வார்கோவின் தம்பி மனைவிதான் வெர்னா. பங்கு மண்டபத்தில் பியரோகிக்கு உருளைக்கிழங்குப் பூரணம் வைத்து விளிம்பு மடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

வெர்னாவின் காரணம் வெறும் பிடிவாதம் அல்ல. ஏழு வருடத்துக்கு முன் அவளுக்கு ஏழாம் மாதத்தில் ஒரு ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. கேப்ரியல் என்று பேர் வைத்தார்கள். பார்க்கக்கூட முடியாமல் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தபோது, அந்தக் குழந்தையை ஒரு மணி நேரம் மடியில் வைத்திருந்தது லியோனா. அடுத்த வருடம் ஜீட்டா நல்லபடியாகப் பிறந்தாள். அந்தச் சமயத்தில்தான் வெர்னா ஒரு விஷயத்தைப் படித்தாள்: தடுப்பூசியில் ஒரு பகுதியை வளர்க்கிற செல்கள், 1962-இல் கருக்கலைப்பில் பிறக்காமலே போன ஒரு பெண் சிசுவின் நுரையீரலிலிருந்து வழிவழியாக வந்தவை. அன்றிலிருந்து ஜீட்டாவுக்கு ஊசி போட அவளால் முடியவில்லை. இப்போது ஜீட்டாவை முதல் வகுப்பில் சேர்க்க வேண்டும்.

"அக்கா, நான் ஒண்ணும் ஊர்வம்பு கேட்டுட்டு வந்து பேசல. அந்த ஊசிக்குப் பின்னாடி யாரு இருக்கான்னு தெரிஞ்சப்புறம் எம்பொண்ணு கையில எப்படிப் போடச் சொல்ற?"

"வேற ஊசி இல்லாதப்போ போட்டுக்கலாம், பாவமில்லேன்னு ரோமாபுரியே சொல்லியாச்சு, வெர்னா."

"ரோமாபுரி கேப்ரியலத் தூக்கல."

நான் தூக்கினேன் என்று லியோனா சொல்லியிருக்கலாம். மூன்றாம் வகுப்பில் ஹலினா என்று ஒரு குழந்தை ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறாள், அவளுக்கு ஊசியே போடக்கூடாது, மற்றவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவள் இங்கே உட்கார முடியும் என்று மட்டும் சொல்லிவிட்டு, பதினோரு கடிதங்களையும் திருப்பிக் கொடுத்தாள்.

பதினோரு குடும்பங்களும் தங்கள் பதினான்கு பிள்ளைகளையும் வெளியே எடுத்துக்கொண்டன. பள்ளிக்கு நேர் எதிரே இருந்த வெர்னாவின் சமையலறை அவர்களுக்கு வகுப்பறையானது. தனியாக மணி வாங்காமல் பள்ளி மணிக்கே அவர்களும் இடைவேளை விட்டார்கள். மண்டபத்தில் பியரோகி மடிக்கிற பெண்கள் இரண்டு மேசையாகப் பிரிந்து, உப்பைக்கூட மூன்றாம் ஆள் மூலமாகக் கேட்டு வாங்கினார்கள். லியோனாவின் தம்பி ஆண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டில் நின்றுகொண்டே சாப்பிட்டான். உட்கார்ந்தால் பெண்டாட்டிக்குத் துரோகம், போகாவிட்டால் அக்காவுக்குத் துரோகம் என்று அவன் கணக்கு. பங்குத்தந்தை யூர்கின் இரண்டு பக்கத்துக்காகவும் ஜெபித்தார். இரண்டு பக்கமும் அவரைக் கோபித்துக்கொண்டன.

இப்படி இருக்கும்போதுதான் அது வந்து நின்றது. ஹலினா பாட்டுப் பயிற்சிக்காக ஏழரைக்கே உள்ளே போயிருந்தாள். மறுநாள் மாவட்டச் சுகாதாரச் செவிலி ரோவீனா ஒரு வெப்பமானியோடு வந்து, அந்தச் செம்மூட்டத்துக்குள் கையை நீட்டி அளந்து, படிவத்தில் எழுதிக்கொண்டாள். பள்ளியில் இருநூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள், இருநூற்றுப் பதினோரு பேருக்கு இரண்டு ஊசியும் ஆகிவிட்டது, அவர்கள் தாராளமாக இதன் வழியாகப் போய்வரலாம், இது வந்திருப்பது மிச்சமிருக்கும் ஒருத்திக்காக என்றாள். அவள் சொன்னபடியே நடந்தது. முதல் நாள் பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நாலாம் நாள், பனியில் நனைந்த கையுறைகளைக் காயவைக்க அதற்குள்ளேயே நின்று அரட்டை அடித்தார்கள். ஆனால் ஹலினாவை அவள் அம்மா டோரிஸ் பின்கதவு வழியாக அழைத்துப்போகப் பார்த்தபோது அது பின்கதவில் இருந்தது. கொதிகலன் அறை வழியாக முயன்றார்கள். அங்கேயும் வந்து நின்றது. காரை வாசற்படிவரை கொண்டுவந்தபோது, கார் கதவு திறப்பதற்குள் அது பின்சீட்டில் நிறைந்திருந்தது. ஆகவே தாயும் மகளும் நூலகத்தில் கட்டில் போட்டுத் தங்கினார்கள். மருத்துவர் இரண்டு முறை வந்து பார்த்தார். இருபத்தொன்பதாம் தேதி முதுகுத்தண்டில் செலுத்த வேண்டிய மருந்தை மட்டும் ஆஸ்பத்திரியில்தான் செலுத்த முடியும், தள்ளிப்போட முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐந்தாம் நாள் அது திரும்பியது. அதற்கு முகம் கிடையாது. இருந்தாலும் எது முன்பக்கம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. வெர்னாவின் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி, சாலை நடுவிலிருந்த மஞ்சள் கோடுவரை வந்தது. பிறகு நாளுக்கு ஒரு சாண். பக்கத்து ஊரில் அது நுழைந்த வீட்டின் இரண்டு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வெர்னா ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி அடைத்தாள். துணி காய்ந்துகொண்டே இருந்தது.

எட்டாம் நாள், திங்கட்கிழமை பத்து மணிக்கு, வெர்னா சாலையைக் கடந்து அதன் வழியாகவே நடந்து லியோனாவின் அறைக்கு வந்தாள். சின்ன வயதில் அவளுக்கு ஊசி போட்டிருந்தார்கள். யாரும் அப்போது அவளிடம் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"திட்டணும்னா திட்டிடு, அக்கா. கேட்டுட்டு உக்காரறேன்."

"முதல்ல உக்காரு. முடியெல்லாம் சுருண்டு கெடக்கு."

"எனக்கு பயமா இருக்கு. ஆனா மனசு மாறல. அது வேற, இது வேற."

"மாத்திக்கோன்னு நான் கேக்கவே இல்லையே."

பிறகு லியோனா, ஏழு வருடமாகச் சொல்லாததைச் சொன்னாள். "அவன் ஒண்ணேகால் கிலோதான் இருந்தான், வெர்னா. காது உன் காது. நான் அவனுக்குப் பாட்டுகூடப் பாடினேன், பாதி மறந்துபோச்சு, திரும்பத் திரும்ப முதல் வரியே பாடிக்கிட்டிருந்தேன்."

வெர்னா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்தப் பொண்ணு... அறுபத்திரண்டுல... அவளை யாராச்சும் தூக்கினாங்களா?"

"தெரியல."

"பேரு?"

"வெச்ச மாதிரி தெரியல."

"அப்ப வைப்போம். பேர் வெச்சு, ஃபாதர்கிட்ட சொல்லி அவளுக்கு ஒரு பூசை வைக்கணும். பூசை முடிஞ்சப்புறம்தான் ஊசி. அதுக்கு முன்னாடி எவளும் எம்பொண்ணு கையத் தொடக்கூடாது."

"எத்தனை மணிக்குன்னு சொல்லு," என்றாள் லியோனா, "பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டுடறேன்."

இப்படி ஒரு சடங்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று பங்குத்தந்தை தலையைச் சொறிந்தார். இல்லாவிட்டால் எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் வெர்னா. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிப் பூசையில் அந்தக் குழந்தைக்கு ஓனா என்று பேர் வைத்தார்கள். அது வெர்னாவின் லித்துவேனிய முன்னோர்கள் அன்னாவைச் சொல்லும் விதம். பேரை உச்சரித்தபோது, காலியாக இருந்த முதல் பெஞ்சு, யாரோ உட்கார்ந்தது போலக் கிறீச்சிட்டது. பங்குத்தந்தை ஒரு கணம் நிறுத்தி, அந்தப் பக்கம் பார்த்துத் தலையசைத்துவிட்டு மேலே தொடர்ந்தார். பத்தரை மணிக்கு மண்டபத்தில் ரோவீனா குளிர்ப்பெட்டியைத் திறந்தாள். ஜீட்டா முதலில் சட்டைக்கையை மடித்தாள். எல்லோரும் உடனே வந்துவிடவில்லை. டிரோனிக் குடும்பம் மட்டும், பூசை வேறு ஊசி வேறு என்று வியாழக்கிழமைவரை அடம்பிடித்தது. அன்று காலை அது அவர்கள் வீட்டு நாய்க்கூண்டின் மேல் சாய்ந்து நின்றதைப் பார்த்துவிட்டு, மூன்று பிள்ளைகளையும் வாரிக்கொண்டு வந்தார்கள்.

"ரெண்டு வாரம்," என்றாள் ரோவீனா. "அதுவரைக்கும் கதவைச் சாத்தி வைங்க."

அந்த இரண்டு வாரம் அது வெர்னாவின் வராந்தாவில் நின்றது; ஹலினா பள்ளிக் கதவைத் தொட்டால் மட்டும் ஒரே தாவில் பள்ளி வாசலுக்குத் திரும்பியது. ஜன்னல் கண்ணாடி மங்கியது. ஜீட்டா உள்ளிருந்து அதில் எழுத்துப் பழகினாள். டிரோனிக்கின் கடைக்குட்டிக்கு ஒரு நாள் காய்ச்சல் கண்டபோது ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டது. காதுவலிக் காய்ச்சல் என்று தெரிந்ததும் மாதா கோயிலில் நாற்பத்தாறு மெழுகுவர்த்தி எரிந்தது.

இதற்கிடையில் லாரிக்காரர்கள் ஒரு செய்தி சொன்னார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்தபோது அது ஓடைப் பாலத்தைத் தாண்டவில்லை, தண்ணீரைக் கண்டு ஒதுங்கி, மலையைச் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்கிறது. அப்படியானால் ஹலினா பாலத்தை எட்டிவிட்டால் போதும், அங்கிருந்து காரில் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். வாசலிலிருந்து பாலம் நானூறு மீட்டர். லியோனா கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டாள்: இரண்டு வரிசை, தோளோடு தோள், ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேர். இரண்டு ஊசி போட்டவர்கள், ஒரு ஊசி போட்டு இரண்டு வாரம் ஆனவர்கள், ஊசி வருவதற்கு முன்பே சின்ன வயதில் தட்டம்மை கண்டு பிழைத்த கிழவர் கிழவிகள், எல்லோரையும் பேர் எழுதச் சொன்னார்கள். ஆயிரத்து நானூற்று அறுபத்திரண்டு பேர் எழுதினார்கள். எட்டுப் பேர் அதிகமாகிப் போனதால் அவர்களைக் காப்பி போட வைத்தார்கள். அது நிற்கிற இடத்துக்கு நேரே யார் நிற்பது என்ற கேள்வி வந்தபோது, "என் வீட்டு வாசல். நாங்கதான்," என்றாள் வெர்னா. பத்துக் குடும்பங்களும் அவளுக்குப் பின்னால் கை தூக்கின.

இருபத்தொன்பதாம் தேதி, தவக்காலத்து வெள்ளி, காலை ஒன்பதே காலுக்கு ஹலினா கம்பளித் தொப்பியும் முகக்கவசமுமாக வெளியே வந்தாள். அம்மா பின்னால் வந்தாள். இரண்டு வரிசையும் மூடிக்கொண்டன. அது வராந்தாவை விட்டு இறங்கி, வரிசைக்கு வெளியே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடி இடுக்கு தேடியது. கோட்டுகளின் முதுகுகள் ஆவி விட்டன. எண்பத்து நாலு வயது செட்காவேஜ், 1941-இல் அதனிடம் தன் தங்கையைப் பறிகொடுத்த முன்னாள் சுரங்கத் தொழிலாளி, திரும்பிப் பார்க்காமலே பேசினார்: "உன்னை எனக்கு நல்லாத் தெரியும்டா. இங்க ஒண்ணும் நடக்காது. போ, போய் வேற வேலையப் பாரு."

வெர்னாவின் வீட்டெதிரே அது நின்றது. வரிசையிலேயே குள்ளமான ஆள் ஜீட்டாதான். அவள் தலைக்கு மேலாக அது வளைந்தது. வெர்னா மகளின் தோளை இறுக்கிப் பிடித்தாள். டிரோனிக் தன் பெரிய உடம்பை இன்னும் ஒரு சாண் பக்கத்தில் நகர்த்தி நெருக்கினார். ஹலினா சரியாக அந்த இடத்தில் மூச்சு வாங்க நின்றுவிட்டாள்.

"சூடா இருக்கா?" என்று கேட்டாள்.

"கழுத்துகிட்ட கொஞ்சம்," என்றாள் ஜீட்டா. "நீ வேணா இன்னும் கொஞ்சம் நின்னுட்டுப் போ. எனக்கு ஒண்ணுமில்ல."

"நிஜமாவா?"

"நிஜமா. அம்மாதான் ரொம்ப அழுத்தறாங்க."

ஹலினா ஒரு நிமிடம் முழுதாக நின்று இளைப்பாறினாள். மேலே வளைந்திருந்த அந்தச் செம்மூட்டம் வரிசையின் உள்பக்கம் ஒரு விரற்கடைகூட இறங்க முடியாமல், கொதித்து அடங்கிய பால் போலத் தணிந்தது. பிறகு அவள் நடந்தாள். நானூறு மீட்டருக்கு இருபத்திரண்டு நிமிடம். பாலத்தின் மேல் அவள் கால் பட்டதும் சத்தம் எழுந்தது; சுரங்கங்கள் மூடிய நாளிலிருந்து அந்த ஊர் அப்படிக் கத்தியதில்லை. ஆண்டி தன் அக்காவைத் தூக்கிச் சுற்றி, இடுப்பு பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். லியோனாவும் வெர்னாவும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அது கார் அளவுக்குச் சுருங்கி, பசு அளவாகி, தொப்பி அளவாகி, வந்த வழியிலேயே பூர்ச்ச மரங்களுக்கிடையே ஏறிப் போனது. அதை யாரும் வழியனுப்பவில்லை, ஏனென்றால் மண்டபத்தில் மீன் பொரிக்க எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. ஆயிரத்து நானூற்றுச் சொச்சம் பேருக்கும் பசி. ரோவீனா மட்டும் காகிதத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் படிவத்தில், 'சென்றுவிட்டது' என்று எழுதினாள். மாநில அலுவலகம் கேள்வி ஏதும் கேட்காமல் அதைப் பெற்றுக்கொண்டது.

ஏப்ரல் முதல் தேதி, திங்கட்கிழமை, பதினான்கு பிள்ளைகளும் மணி அடிக்கும் முன்பே பள்ளிக்கு வந்துவிட்டார்கள். ஹலினா மட்டும் ஏழு நிமிடம் பிந்தி வந்தாள். காரில் ஏறமாட்டேன் என்று சொல்லி, சாலையின் நடுவே, இரண்டு பக்கமும் யாருமில்லாமல், கையை வீசிக்கொண்டு வந்திருந்தாள். விதி விதிதான் என்பதால் லியோனா தாமதப் பதிவேட்டை எடுத்தாள். காரணம் என்ற கட்டத்தில், 'தனியாக நடந்து வந்தாள்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவளை வகுப்புக்கு அனுப்பினாள்.