எதிரிக்கு ஒரு படை

அண்ணி கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்ற நேரத்தில் கடைக்காரர் இரண்டு முறை டீ குடித்து முடித்துவிட்டார். அலமாரி நிறைய வீரர்கள். ஈட்டி பிடித்தவர்கள், வில்லை வளைத்தவர்கள், குதிரையேறி எங்கேயோ அவசரமாகப் போகிறவர்கள், கோடாரி தூக்கிய குள்ளர்கள், பச்சைத் தோல் பூதங்கள், வாயைப் பிளந்தபடி ஒரு டிராகன். பெயின்ட் அடித்து, மேஜையில் அணிவகுத்து, பகடை உருட்டிச் சண்டை போடுவதற்கான பொம்மைகள். நான் பொம்மை என்று சொன்னதை அண்ணியிடம் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அவள் கணவன் ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டு ஒரு வாரம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அவளை அண்ணி என்றே வைத்துக்கொள்வோம். பல் டாக்டர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் லேபில் அவளுக்கு வேறு பெயர் இருக்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு, "வாங்க அண்ணி, இன்னைக்கு உங்களை ஒரு வழி பண்றேன்" என்று ஒருத்தி கூப்பிடுகிறாளே, அந்தப் பெயர்தான் அவளுக்கு உசத்தி.

அந்த ஒருத்தி நாத்தனார், கணவனின் தங்கை. வீட்டில் அவள் பெயர் வாலு. சின்ன வயதில் ஒட்டியது, முப்பதை நெருங்கியும் உதிரவில்லை. கட்டடம் எழும்பும் இடங்களில் டவர் கிரேன் ஓட்டுகிறாள். காலையில் ஏணி ஏறி உச்சியிலிருக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்தால் மதியம் வரை இறங்க மாட்டாள்.

கல்யாணமாகி வந்த புதிதில் அந்த வீட்டில் யாரிடம் என்ன பேசுவது என்று அண்ணிக்குத் தெரியவில்லை. கணவன் ஏ.சி. ரிப்பேர் பார்க்கிறவன், பேச்சில் படு சிக்கனம். ஒருநாள் வாலு சாப்பாட்டு மேஜையில் தன் படையைப் பரப்பிவிட்டு, "அண்ணி, எனக்கு ஒரு எதிரி வேணும். வர்றீங்களா?" என்று கேட்டாள். இவ்வளவு அன்பாக யாரும் அண்ணியை எதற்கும் கூப்பிட்டதில்லை. உடனே எதிரியாகச் சேர்ந்துவிட்டாள். எந்த வீரன் தேறுவான், எவன் தேற மாட்டான் என்று தெரியாததால் அவளுக்கான படையையும் வாலுவே பொறுக்கிக் கொடுத்தாள். அடுத்த வருஷம் அண்ணி, "அப்போ உன் படையை நான்தான் பொறுக்குவேன்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

அதுவே இருவருக்கும் சட்டமாகிவிட்டது. வருஷத்துக்கு ஒருமுறை எதிரிக்குப் படை வாங்கிக் கொடுக்க வேண்டும். வீரன் ஒவ்வொருவனுக்கும் பலத்துக்கேற்ற புள்ளி உண்டு, படைக்கு மொத்தம் இத்தனை புள்ளி என்று இருவருக்கும் ஒரே வரம்பு. பெட்டியைப் பிரிக்கும் நாள்வரை மூச்சு விடக் கூடாது. சொத்தைப் படையைக் கொடுத்துவிட்டு ஜெயித்தால் அது ஜெயித்ததில் சேர்த்தி இல்லை. ஆகவே தன்னையே மண்ணைக் கவ்வ வைக்கக்கூடிய படையாகத் தேடித் தேடி வாங்க வேண்டும். இப்படி ஒரு விளையாட்டை வேறு எந்த வீட்டிலும் ஆட மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இந்த வருஷம்தான் அண்ணிக்குக் கை வரவில்லை. வாலுவுக்கு வேறு ஊரில் வேலை. ராத்திரி ரயிலேறினால் காலையில் போய்ச் சேரலாம், அவ்வளவு தூரம். கம்பெனி கொடுத்த ரூமின் போட்டோவை வாலு காட்டியிருந்தாள். ஒரு கட்டில், ஒரு அலமாரி, தட்டும் தண்ணீர் பாட்டிலும் வைத்தால் நிறைந்துபோகும் ஒரு மேஜை. அண்ணி அந்த மேஜையை மட்டும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். அவர்கள் வழக்கமாக வாங்குவது சுண்டு விரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான வீரர்கள். அந்த மேஜையில் அவர்களை நிறுத்தினால் நகரவே இடம் இருக்காது. அங்கே ஆட முடியாது. ஆட முடியாவிட்டால் வாரத்துக்கு ஒரு போன் மட்டும் மிஞ்சும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், அங்க மழையா, இல்ல. அண்ணிக்குக் கூடப்பிறந்த ஒரு அண்ணன் இருக்கிறான். அவனோடு இப்படித்தான் தொடங்கியது. இப்போது பிறந்த நாளுக்கு அவனிடமிருந்து ஒரு கேக் படம் வருகிறது. வாலுவும் ஒருநாள் கேக் படமாகிவிடுவாளோ என்ற பயத்தில் அண்ணிக்கு ஒரு வாரமாகச் சாப்பாடு இறங்கவில்லை.

"என்னக்கா, ஒண்ணும் அமையலையா?" என்றார் கடைக்காரர். அவருக்குத் தாடி முழுக்க நரை. ஆனாலும் கடைக்கு வருகிற பெண்கள் அத்தனை பேரும் அவருக்கு அக்காதான்.

"இதைவிடச் சின்னதா இருக்காண்ணா?"

"எவ்வளவு சின்னதா?"

"ஒரு பட்டாளமே டிபன் பாக்ஸ்ல அடங்கணும்."

அவர் குனிந்து அடித்தட்டு டிராயரை இழுத்தார். ஆறு மில்லிமீட்டர் வீரர்கள். ஒவ்வொருவனும் ஒரு அரிசி மணி உயரம். ஒரே பட்டையில் நாலு பேர் தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

"இதுல கண்ணு மூக்கெல்லாம் தேடக் கூடாதுக்கா. தனித்தனியா பார்த்தா ஒண்ணும் இல்ல. நானூறு பேரை மொத்தமா நிறுத்திப் பாருங்க, நிஜமாவே ஒரு பட்டாளம் மலையிறங்கி வர்ற மாதிரி இருக்கும்."

அண்ணி லேபில் மாட்டும் பூதக்கண்ணாடியைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டாள். அவள் தினமும் செதுக்கும் கடைவாய்ப் பல் இந்தக் குதிரைவீரனைவிடப் பெரியது. பழக்க தோஷத்தில் அவனைத் தலைகீழாகத் திருப்பி, கடி சரியாக உட்காருமா என்பதுபோல் பார்த்தாள்.

"மூக்கு இருக்கேண்ணா!"

"உங்க கண்ணுக்கு இருக்கும்."

அப்போதுதான் அவளுக்கு வாலு அடிக்கடி சொல்வது ஞாபகம் வந்தது. கிரேன் உச்சியிலிருந்து பார்த்தால் மனிதர்கள் எல்லாரும் இத்தனூண்டுதான் இருப்பார்களாம். அப்படியானால் அவளுக்குப் பழகிய அளவுதானே இது! அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை.

பொறுக்க ஆரம்பித்தாள். வாலுவுக்குப் பொறுமை என்ற வஸ்து கிடையாது. குதிரைப்படையைக் கொடுத்தால் இரண்டாவது சுற்றிலேயே பாய விடுவாள், மூன்றாவது சுற்றில் குதிரையும் இருக்காது, ஆளும் இருக்க மாட்டான். ஆகவே குதிரை குறைவாக, ஈட்டிக்காரர்கள் நிறைய. அசையாமல் நின்று அடி வாங்கத் தெரிந்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் வில்லாளிகள், இரண்டு பக்கமும் துணைக்கு இரண்டு கல்லெறியும் பூதங்கள். பயமுறுத்த ஒரு டிராகன், கட்டை விரல் நகத்தில் உட்காரும். கடைசியில் ஒரு மந்திரவாதியையும் எடுத்தாள். அடிபட்டவர்களை எழுப்பி நிறுத்துவது அவன் வேலை.

"இவன் வேண்டாம்க்கா. புள்ளி அதிகம், பிரயோஜனம் கம்மி."

"இருக்கட்டும்ணா. அவ தனியா இருக்கப்போறா. ஜுரம் கிரம் வந்தா பக்கத்துல யாரும் இல்ல."

கடைக்காரர் அவளையும் மந்திரவாதியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பொட்டலம் கட்டினார். கட்டும்போதே, "அக்கா, உங்க நாத்தனாரும் போன வாரம் வந்திருந்தாங்க. அவங்க வாங்கினது..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லாதீங்க!" அண்ணி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். "சட்டம் சட்டம்தான்."

"இல்லக்கா, அளவு மட்டும்..."

"மூச்சு விடக் கூடாதுண்ணா!"

அவர் பொட்டலத்தை அவள் பக்கம் நகர்த்தினார். அளவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று அண்ணிக்குத் தோன்றவேயில்லை. எதிரிக்கு வாங்குகிற மும்முரத்தில், எதிரியிடமிருந்து தனக்கும் ஒரு பெட்டி வரப்போகிறது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையைத் துடைத்து இரண்டு பெட்டிகளையும் வைத்தார்கள். கணவன் வழக்கம்போல் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலைக்குப் போய்விட்டான். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் பிரித்தார்கள்.

அண்ணிக்கு வந்த பெட்டி கனத்தது. உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவரும் கட்டை விரலில் பாதி. புருவச் சுருக்கம் தெரிந்தது, கேடயத்தில் வெட்டுக் காயம் தெரிந்தது, ஈட்டி பிடித்த ஒரு கிழவிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளிகூடத் தெரிந்தது. எதிர்ப்பக்கம் வாலு தன் பெட்டியிலிருந்த அரிசி மணிகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

இது இந்த மேஜையைத் தவிர வேறெங்கும் நிற்காத படை என்று அண்ணி நினைத்தாள். இங்கேயே கிடக்கட்டும் என்று தன் தலையில் கட்டிவிட்டு வாலு கிளம்புகிறாள். புது ஊர், புது ஆட்கள், இந்தக் கிழட்டு எதிரி இனி எதற்கு?

"ரெண்டு பேரும் ஒரு வார்த்தை கேட்டு வாங்கியிருக்கலாமே" என்றான் மூலையிலிருந்து கணவன்.

இரண்டு பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யைச் சரிபார்க்க அவன் அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

"எல்லாத்தையும் சுருட்டி ஒரு டப்பாவுக்குள்ள போட்டுட்டீங்க" என்றாள் வாலு. குரல் ஒருமாதிரி இருந்தது. "நான் இன்னும் கிளம்பவே இல்ல. அதுக்குள்ள மூட்டை கட்டிட்டீங்க. அங்கேயே ஆடிக்கோ, இந்தப் பக்கம் வராதேன்னுதானே?"

"அடிப்பாவி! உன் ரூம் மேஜையை நீயே பார்த்தேல்ல? அதுல வேற எதுடி நிக்கும்? நான் ரயிலேறி வந்து உன்கூட ஆடணும்னு வாங்கினேன். நீதான் கல்லு மாதிரி நாப்பது பேரை இங்க இறக்கி வெச்சுட்டு, ஆளை விடுன்னு கிளம்பற."

"ஐயோ அண்ணி! பெருசா இருந்தாத்தானே இந்த மேஜையை விட்டா வேற கதி இல்ல? அப்போ நான் வந்துதானே ஆகணும்? லீவு கேட்க எனக்கு ஒரு சாக்கு வேண்டாமா?"

"இங்க வர்றதுக்கு உனக்குச் சாக்கு வேணுமா?"

வாலு அந்தப் பல்லிடுக்குக் கிழவியை எடுத்து முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். "நாள் பூரா மேல உட்கார்ந்து எல்லாரையும் எறும்பு மாதிரியே பார்க்கறேன். யாருக்கும் மூஞ்சி கிடையாது. சாயங்காலம் இறங்கி வீட்டுக்கு வந்தாதான் உங்க மூஞ்சி, அண்ணன் மூஞ்சி. அங்க போனா இறங்கினாலும் தெரிஞ்ச மூஞ்சி ஒண்ணு இருக்காது. அதான், இங்கயாவது மூஞ்சி தெரியற மாதிரி இருக்கட்டும்னு..."

அண்ணி மேஜையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு குட்டிய இடத்தையே தடவிக் கொடுத்தாள். "எனக்குப் பயமா இருக்குடி, நீ என்னை மறந்துடுவியோன்னு" என்றாள். சொன்ன பிறகுதான் அழுகை வந்தது. வாலுவுக்கு அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துக் கணவன் கதவோரமாக எட்டிப் பார்த்தான். மேஜையில் ஒரு பக்கம் நானூறு அரிசி மணிகளும் இன்னொரு பக்கம் நாற்பது தடியர்களும் கிடந்தார்கள். எப்படி ஆடுவது என்று இருவருக்கும் புரியவில்லை.

"பெருசெல்லாம் ராட்சசங்கன்னு வெச்சுக்கோங்களேன்" என்றான் அவன்.

இருவரும் வாயைப் பிளந்தார்கள். பத்து வருஷமாக அந்த மேஜைப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன் சொன்ன யோசனை அது. ஒரு ராட்சசனுக்கு எத்தனை புள்ளி என்று அப்போதே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். முதல் சண்டையில் வாலு வழக்கம்போல் குதிரைகளை முன்னால் பாய விட்டாள். ராட்சசர்கள் அவற்றை மிதித்துவிட்டுப் போனார்கள். ஈட்டிக்காரர்கள் மட்டும் கடைசிவரை அசையாமல் நின்று அண்ணியைத் தோற்கடித்தார்கள். அன்று அண்ணி சாப்பிட்ட சாப்பாடு ஒரு வாரத்துக்கானது.

வாலு டிபன் பாக்ஸில் தன் படையை எடுத்துக்கொண்டு ரயிலேறினாள். இரண்டு மாதம் வேலையோ வேலை, லீவு என்ற பேச்சையே எடுக்க முடியவில்லை. போனில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்றே நாட்கள் போயின. மூன்றாவது மாதம் அண்ணி மூன்று ராட்சசர்களைத் துணியில் சுற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

ரூம் போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. வாலு இளைத்திருந்தாள். அந்த மேஜையில் நானூறு பேரும் பெயின்ட் பூசி நின்றார்கள். எதிரியைப் பார்த்து அல்ல. இரண்டு பக்கமும் வரிசையாக ஒதுங்கி, நடுவில் ராட்சசர்கள் நடந்து வர வழிவிட்டு நின்றார்கள். அண்ணி பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். ஒவ்வொரு அரிசி மணிக்கும் இரண்டு கண், ஒரு வாய் வைக்கப்பட்டிருந்தது. தினமும் வேலை முடிந்து வந்து வேறு என்ன செய்திருக்கிறாள் இந்தப் பெண் என்று அண்ணி நினைத்தாள்.

"சரி, பகடையை எடு. இன்னைக்கு உன்னை ஒரு வழி பண்றேன்" என்றாள்.

வாலு பகடையை எடுக்கவில்லை. கட்டிலில் அண்ணிக்குப் பக்கத்தில் வந்து ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"சண்டையை நாளைக்கு வெச்சுக்கலாம் அண்ணி. இன்னைக்குச் சும்மா பேசிட்டு இருக்கலாம். நாளைக்கும் இருப்பீங்கல்ல?"

அன்று ராத்திரியே திரும்பிப் போக அண்ணி டிக்கெட் எடுத்திருந்தாள். மறுநாள் லேபில் ஒன்பது பேருடைய பற்கள் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"இருப்பேன்" என்றாள் அண்ணி.