ஜன்னலோரம் செத்துப்போனவள்

டமார்! டமார்! வாசல் கதவின் இரும்பு வளையம் அதிர்ந்தது.

நெஸாஹத்துக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கதவில் இரண்டு வளையங்கள். கனத்தது ஆண்கள் தட்ட, சின்னது பெண்கள் தட்ட. துருக்கியின் சாஃப்ரான்போலு ஊரில் பழைய வீடுகளை நடந்தே சுற்றிப் பார்க்க வருகிற கூட்டத்துக்கு இரண்டுமே விளையாட்டுச் சாமான்.

மாடி ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்தாள். கல் பாவிய சரிவில் பத்துப் பதினைந்து பேர். நடுவில் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி வழிகாட்டி ரிஃப்கி. சனிக்கிழமை அவள் சந்தைக்குப் போயிருப்பாள் என்ற தைரியம் அவனுக்கு. முழங்கால் வலியால் இன்று அவள் போகவில்லை.

"அதோ, அந்த ஜன்னல்தான்! காதலன் பட்டாளத்துக்குப் போனான், திரும்பி வரல. அந்தப் பொண்ணு சாப்பாடு தண்ணி இல்லாம, ஜன்னல் சட்டத்தப் புடிச்சபடியே உயிர விட்டா!"

"ஐயோ பாவம்!" ஒரு பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"செத்தவங்களுக்கு எதுக்குக்கா ரெண்டு ரொட்டி?" என்று நேற்று ரொட்டிக்கடைக்காரன் இளித்ததற்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது. யாருக்காகவும் ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட விட்டவளில்லை நெஸாஹத். இந்தப் பொய்யை இந்தக் கூட்டத்தின் முன்னாலேயே உடைக்காமல் விடுவதில்லை என்று தடதடவென இறங்கிக் கதவைத் திறந்தாள்.

ரிஃப்கியின் முகம் வெளுத்தது. நாக்கு மட்டும் நிற்கவில்லை. "இவங்க... வீட்டப் பெருக்கித் துடைக்கிற அம்மா."

திட்டத் திறந்த வாயை நெஸாஹத் மூடிக்கொண்டாள். பிறகு சிரித்தாள்.

"வெயில்ல நடந்து வந்திருக்கீங்க. காபி குடிக்காம இந்த வாசலத் தாண்டக் கூடாது."

"நேரமாச்சும்மா, அடுத்து மசூதிக்குப் போகணும்..."

"காபிய வேணாங்கறதா? நீங்க இந்த ஊர்க்காரர்தானேண்ணே?" என்றாள் மூக்கை உறிஞ்சிய பெண். இஸ்மிரிலிருந்து வந்த ஷெர்மின்.

அடுப்படியில் காபி நுரைத்துப் பொங்கியது. எல்லோருக்கும் சர்க்கரை. ஒரு கோப்பையில் மட்டும் மூன்று கரண்டி உப்பு. பெண் பார்க்க வருகிற மாப்பிள்ளைக்கு உப்புக் காபி கொடுப்பது அந்தப் பக்கத்து வழக்கம். முகம் சுளிக்காமல் குடித்தால் பொறுமைசாலி, குடித்தனத்துக்கு ஆவான். சுளித்தால், வந்த வழியே போக வேண்டியதுதான்.

தட்டை எல்லோருக்கும் நீட்டிவிட்டு, கடைசிக் கோப்பையை ரிஃப்கியின் கையில் திணித்தாள். "குடைக்காரரே, உங்களுக்குத் தனியாப் போட்டது."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு வாய் மடக்கென்று விழுங்கப் பார்த்தான்.

புஸ்ஸென்று காபி சிவப்புக் குடை மேல் தெறித்தது.

ஷெர்மின் பதறினாள். "ஐயோ! அண்ணனுக்கு என்னம்மா போட்டீங்க?"

நெஸாஹத் காலித் தட்டைத் துடைத்தாள். கழுத்து நரம்பு புடைக்க ரிஃப்கிதான் கத்தினான்:

"வேறென்ன, உப்புதான்! நான் இந்த வீட்டுக்குப் பொண்ணு பாக்க வந்த அன்னைக்கும் இதே உப்பப் போட்டுத்தான் என்னை விரட்டினா, ராட்சசி!"