முன்னறைப் பலகை நிலம்

பண்டத்தரிப்பில் அருளம்பலத்தாரைப் பிடிவாதத்தில் வெல்ல ஆள் கிடையாது. மலைநாட்டில் தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்த மனிசன், எண்பத்து மூன்று கலவரத்தில் உடுத்த உடுப்போடு கப்பலேறி ஊர் வந்து சேர்ந்தார். வந்தவர் மனைவி பூரணத்தின் சீதன வீட்டில் பேசாமல் இருந்தாரா? தோட்டத்துக் குவாட்டர்ஸில் இருந்தது போல முன்னறைத் தரைக்குப் பலகை நிலம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். முழங்கால் வாதத்துக்குச் சீமெந்துக் குளிர் ஆகாதாம்.

அடுத்த வருடம் புரட்டாதியில் முன்னறைக்குப் புதுச் சீமெந்து போடுவித்தார். அது காய்ந்ததோ இல்லையோ, ஐப்பசியில் அதன்மேலேயே மரச்சட்டங்களைப் பரப்பி, தேக்கம் பலகைகளை இடைவெளியின்றி நெருக்கி அடிப்பித்தார். மெழுகு பூசிய பலகை பளபளவென்று மின்னியது. பூரணத்துக்கு ஒரேயொரு கட்டளைதான்.

"இஞ்சார், இந்த அறைக்குள்ளை ஒரு சொட்டுத் தண்ணி விழக்கூடாது."

வெள்ளிக்கிழமை என்றால் வீடு முழுக்க வாளி வாளியாக ஊற்றிக் கழுவித்தான் பூரணம் விளக்கேற்றுவாள். முகம் சுருங்கினாலும் "ஓம்" என்றாள். முன்னறை வாசலோடு வாளியை நிறுத்திக்கொண்டாள்.

கார்த்திகை மாரி கொட்டித் தீர்த்தது. கிணறு வாய்முட்ட நிரம்பியது. ஒருநாள் காலை முன்னறைக்குள் போன அருளம்பலத்தார் தடுக்கி விழப் பார்த்தார். ஒவ்வொரு பலகையும் இரண்டு ஓரமும் மேலே கிளம்பி, நடுவில் பள்ளம் விழுந்து, கூரை ஓடுகளை மல்லாத்திப் பரப்பியது போல் கிடந்தது. சுவரோரத்துப் பலகை ஆணியையும் பிடுங்கிக்கொண்டு எழும்பியிருந்தது.

"கழுவினனீ, என்ன?"

"ஐயோ, நான் உதுக்குள்ளை தண்ணி கொண்டுபோகேல்லை."

"பின்னை, கூரை ஒழுகினதோ? பொய் சொல்லாதை!"

வேலிக்கு அடுத்த பக்கம் குடியிருந்த அவருடைய ஒன்றுவிட்ட தம்பி செல்வநாயகம் சத்தம் கேட்டு ஓடி வந்தான். அவன் முன்னால்தான் அந்தச் சொல்லைச் சொன்னார்.

"கழுவேல்லையெண்டால் வா. பிள்ளையாருக்கு முன்னாலை கற்பூரம் அணைச்சுச் சத்தியம் பண்ணு."

காலமெல்லாம் சோறு போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?

"இவ்வளவு காலம் உங்களோடை குடும்பம் நடத்தின எனக்குச் சத்தியமோ? பண்ண மாட்டன்."

"பாத்தியே செல்வநாயகம்! பண்ண மாட்டாளாம். உதிலையே தெரியேல்லையே?"

அன்றோடு பூரணம் அவரோடு கதைப்பதை விட்டாள். நேரத்துக்குத் தேத்தண்ணி வரும், சோறு வரும், சொல் வராது. ஏதும் சொல்ல வேண்டுமானால் செல்வநாயகத்தைக் கூப்பிட்டு, "கொண்ணைக்கு மருந்து முடிஞ்சுபோச்சு" என்று, அவனுடைய அண்ணன் என்ற முறையில்தான் அவரைக் குறிப்பாள். முன்னறைக்குள் காலடியும் வைக்கவில்லை.

பங்குனி வெயிலில் பலகைகள் சுருங்கி, விரல் போகும் அளவுக்கு நீக்கல் விட்டன. மாரி வந்ததும் மறுபடி ஊதிக் கிளம்பின. அவள்தான் அந்தப் பக்கமே போவதில்லையே, பிறகேன் கிளம்புகிறது என்று யோசிக்க வேண்டாமா இந்த மனிசன்? யோசித்தார். நான் இல்லாத நேரம் பார்த்துக் கழுவிக் கொட்டுகிறாள் என்று அதற்கும் ஒரு விடை கண்டுபிடித்து வைத்துக்கொண்டார். வாய் திறந்து ஒருக்கால் ஏசினாலும் போதும் என்று அவளுடைய குரலுக்கு ஏங்கிய நாட்கள் எத்தனையோ. ஆனால் முதலில் யார் கதைப்பது? பாழாய்ப்போன ரோசம் விட்டால்தானே.

தொண்ணூறில் மறுபடி சண்டை தொடங்கியது. பிளேன் வந்து குண்டு போட்டது. மாமரத்துக்குக் கீழ் வெட்டியிருந்த பங்கருக்குள், மாரி தொடங்கியதும் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊறி நின்றது.

"செல்வநாயகம், உந்த முன்னறைப் பலகையைக் கழட்டிப் பங்கருக்குள்ளை போடுங்கோவன். தண்ணிக்குள்ளை நிண்டு கொண்ணைக்குக் கால் வீங்குது" என்றாள் பூரணம்.

அருளம்பலத்தார் மறுக்கவில்லை. செல்வநாயகம் அலவாங்கால் முதல் பலகையை நெம்பிப் புரட்டினான். மேல்பக்கம் பூசிய மெழுகு அப்படியே இருந்தது. அடிப்பக்கமோ கறுத்து, பூஞ்சணம் பிடித்து, பிழிந்தால் வடியும் போல ஈரமாயிருந்தது. கீழே சீமெந்தும் நனைந்து கிடந்தது. அடுத்த பலகையும் அப்படியேதான்.

"அண்ணை, தண்ணி மேலையிருந்து வரேல்லை. நிலத்துக்குள்ளாலை வந்திருக்கு."

தோட்டத்துக் குவாட்டர்ஸ் கல்தூண்களின் மேல் நின்றது. பலகைக்குக் கீழே நாய் புகுந்து படுக்கும் அளவுக்கு வெளி இருந்தது; காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகும். அந்த வெளியை அவர் கணக்கிலேயே எடுத்ததில்லை. ஈரச் சீமெந்தின் மேல் பலகையை இறுக்கி அடித்து, நிலத்தின் ஈரம் போக வழியில்லாமல் மூடியது அவரேதான். அட கடவுளே, எத்தனை வருடங்களை வீணாக்கிவிட்டேன்! அருளம்பலத்தார் தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டார்.

பூரணம் வாசலில் நின்று புரட்டிப்போட்ட பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பூரணம்," என்றார். "நீ கழுவேல்லை."

"அதை நான் அண்டைக்கே சொன்னனான்."

இத்தனை வருடத்துக்குப் பிறகு அவரைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அவருக்குக் கண் கலங்கியது.

"பிழை விட்டிட்டன். என்னை மன்னிச்சுக்கொள்ளு. இந்தப் பலகையைப் பாத்தாப் பிறகுதான் எனக்கு..."

"அப்ப பலகையிட்டையே மன்னிப்புக் கேளுங்கோ. அதின்ரை சொல்லைத்தானே நம்பினியள்."

சொல்லிவிட்டுச் செல்வநாயகத்தின் பக்கம் திரும்பினாள்.

"பலகையைக் கெதியாய்த் தூக்கச் சொல்லு தம்பி, கொண்ணையிட்டை. பிளேன் வந்திடும்."